கண்மாய்க்கு எல்லைக்கல், வயலுக்கு மனைக்கல்

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ அலங்காநல்லூர்ப் பக்கமோ போனால், பெரியாறு பாசன வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாக மனைக்கற்கள். பக்கத்திலேயே பலகை: ‘டிடிசிபி அப்ரூவல், உடனடிப் பத்திரப் பதிவு.’ விதியை மீறினால்தான் வயல் மனையாகும் என்று எண்ண வேண்டாம். விதிப்படியே ஆகலாம்.

லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் அமைக்க 1938-இல் சட்டம் வந்தது. மதுரைக்கு அந்தப் பெயரில் ஒரு வளையம் கிடையாது. ஆனால் அந்த வேலையைக் கண்மாய்கள் செய்தன. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். மடை திறந்தால் ஆயக்கட்டு நஞ்சை விளையும். விளையும் வயலில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். வெள்ளாமையே ஊருக்கு வேலியாக இருந்தது.

சட்டம் காப்பது எதை?

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் நிலங்களை வகை பிரிக்கிறது. விவசாயம் என்று குறித்த நிலத்தையும் விண்ணப்பித்து, நிலப்பயன் மாற்றம் பெற்று மனையாக்க வழி உண்டு. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நிலத்துக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. வேளாண் துறையின் கருத்தைக் கேட்கிறார்கள்தான். ஆனால் வரத்துக் கால்வாய் தூர்ந்து சில வருடம் தரிசாகக் கிடந்த நிலத்தை ‘விளையும் நிலம்’ என்று எந்த அதிகாரி வாதாடுவார்?

மனைப் பிரிவுக்குள் திறந்தவெளி விட வேண்டும் என்பதில் சட்டம் கறாராகவே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சென்னை வழக்கு ஒன்றில், இப்படி இலவசமாகக் கேட்பது செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, பூங்கா கிடைக்கும். போன நூறு ஏக்கர் நஞ்சைக்குப் பத்து ஏக்கருக்கும் குறைவான பூங்கா ஈடாகுமா?

நீர்நிலைகளுக்கும் சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரி கண்மாய்ப் பகுதியில் எழுந்த கட்டடம். மறு வருடம் எல்.கிருஷ்ணன் வழக்கில், நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி அதே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் கண்மாயை அளந்து எல்லைக்கல் ஊன்றச் சொல்கிறது. கல்லுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பட்டா வயல் அதன் பார்வையில் படாது. பாய்ச்ச வயல் இல்லாமல் போனால் மடையை யார் பார்ப்பார்கள்? குடிமராமத்துக்கு யார் வருவார்கள்?

அரிட்டாபட்டி காட்டிய வழி

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. குன்று, சுனை, கண்மாய், தமிழிக் கல்வெட்டு எல்லாவற்றையும் ஒரே பரப்பாகப் பார்த்த அறிவிப்பு அது. இரண்டு வருடத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் மக்கள் மதுரை தல்லாகுளத்துக்குத் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சுரங்கத்துக்கு எதிராகத் திரள்வது எளிது. எதிரே நிற்பது ஒரு கம்பெனி. மனைக்கற்கள் விஷயத்தில் விற்பவரும் நம்மவர், வாங்குபவரும் நம்மவர். தண்ணீர் வராத வயலை வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்துக்கு அலையும் சம்சாரியிடம் ‘விற்காதே’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

2022-இல் அறிவிக்கப்பட்ட மதுரை நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம், எல்லாவற்றையும் ஒரே பரப்பாகப் பார்த்த அரிட்டாபட்டி அறிவிப்பிலிருந்து தொடங்கலாம். கண்மாய், வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு மூன்றையும் சர்வே எண்ணோடு ஒரே வகையாகத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்த வகைக்குள் நிலப்பயன் மாற்றம் கிடையாது என்று எழுத வேண்டும். அதே கையெழுத்தில், அந்த வயல்களுக்குத் தண்ணீரை உறுதிசெய்யும் பொறுப்பையும் அரசு ஏற்க வேண்டும். முழுமைத் திட்ட வரைவை மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். தல்லாகுளம் வரை வந்த ஊர்கள், அந்த வரைவில் தங்கள் கண்மாயின் சர்வே எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும்.