தலைகீழாய்ப் பூத்த மனிதர்கள்

வில்லாக வளைந்த ஒரு தண்டு. அதில் பூக்கள் தொங்க வேண்டிய இடமெல்லாம் குட்டி மனிதர்கள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்குகிறார்கள். செடியின் பெயர் ‘மெனிபீப்ளியா அப்சைடவுனியா’. பன்றிகள் பூக்கும் செடி, கொக்கட்டூ கிளி பூக்கும் செடி என்று இப்படிப் பலவற்றை மைக்கோட்டில் வரைந்து 1871-இல் வெளியிட்டவர் ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர்.

லியர் வெறும் வேடிக்கைக்காரர் அல்லர். இருபது வயதை எட்டுவதற்குள்ளேயே லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, கிளிகளுக்கென்றே 42 வண்ணப்படங்கள் கொண்ட நூலைத் தொடங்கிவிட்டவர். இயற்கையை இம்மி பிசகாமல் வரைந்து பழகிய கை அது. பொய்ச் செடியும் மெய்யாகத் தோன்றியது அதனால்தான்.

கற்பனைச் செடிக்குத்தான் தாவர இலக்கணம் கூடுதலாக வேண்டும். துளசியைக் கூர்ந்து பாருங்கள். தண்டு சதுரம், ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள், அடுத்த கணுவில் அந்த ஜோடி குறுக்காகத் திரும்பிவிடும். செம்பருத்தியில் கணுவுக்கு ஓர் இலைதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலிருந்து பூக்காம்பு கிளம்பும். இந்த ஒழுங்கைக் காப்பாற்றிவிட்டால், காம்பின் நுனியில் மீனே பூத்தாலும் கண் நம்பிவிடும். கண்ட இடத்தில் இலையை ஒட்டினால் அழகான பூவும் பொம்மையாகிவிடும்.

இப்படிச் செடிகளை வரைய மையும் நீர்வண்ணமும் நல்ல ஜோடி. அரக்கு கலந்த இந்தியன் இங்க் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. அதன்மேல் தைரியமாக வண்ணம் பூசலாம். சாதாரண ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் கலங்கி ஓடிவிடும். நீர்வண்ணத்தின் குணம் வேறு. நிறத்தூளைப் பிடித்துவைத்திருப்பது வேலமரப் பிசின். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். அதனால் அடிப்பூச்சு உலரும்வரை பொறுத்தே அடுத்ததைப் பூச வேண்டும். வெள்ளைக்குத் தனிச் சாயம் தேவையில்லை. இலையில் வெயில் படும் இடத்தைப் பூசாமல் விட்டால் தாளே வெளிச்சமாகும்.

லியரின் நிலக்காட்சி ஓவியங்களிலும் இதே ஜோடிதான். பார்த்த இடத்திலேயே பென்சிலில் வரைந்து, எங்கே என்ன நிறம் என்று கோடுகளுக்கிடையே எழுதிக்கொள்வார். மையும் வண்ணமும் பிறகு ஏறும். 1873 முதல் 1875 வரை இந்தியாவில் சுற்றியபோதும் இப்படித்தான் வரைந்து குவித்தார். தமிழகத்துக்கும் வந்திருக்கிறார்.

வரைய ஆசைப்படுகிறவர்கள் ஒரு துளசிக் கிளையில் தொடங்கலாம். முதலில் உள்ளது உள்ளபடியே வரையுங்கள். அது கைவந்த பிறகு, பூக்கதிரில் எது வேண்டுமானாலும் பூக்கட்டும்.