அரட்டையும் ஆரவாரமும்

2021 பிப்ரவரியில் மத்திய மந்திரிகள் பெங்களூர் ‘கூ’வை ஆதரித்தபோது, டுவிட்டருக்குச் சுதேசிப் போட்டி வந்ததென்று தொழில்நுட்ப எழுத்தாளர்கள் பலர் கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. புகழ்ச்சி கூட்டத்தைக் கூட்டும், நிறுத்திவைக்காது.

தமிழ்நாட்டு ஜோஹோவின் ‘அரட்டை’ 2021-இல் பிறந்தது. 2025 செப்டம்பரில் மந்திரியொருவர் பரிந்துரைக்க, பத்திரிகைகள் பறைசாற்ற, தினம் 3,000 பேர் சேர்ந்தவிடத்தில் 3,50,000 பேர் சேர்வதாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படிக்கவொண்ணாத காப்பு எழுத்துச் செய்திகளுக்கு இல்லையென்று சிலர் அப்போதே கண்டித்தார்கள். அக்காப்பு பின்னர் வந்தது.

இக்கண்டனத்தைத் தேசத்துரோகமென்று எண்ணலாமா? தன் கட்சியின் பலவீனத்தை முன்கூட்டி ஆராயாத வக்கீல் வழக்கைத் தோற்பான். சுதேசியை நேசிக்கும் எழுத்தாளர் துதிபாடுதலை விடுத்து, குறைகளை உரிய காலத்தில் எடுத்துரைப்பாராக. அதுவே உண்மையான ஆதரவாகும்.