சிற்பமும் கைவினையும்: கைகள் அறியவேண்டிய நான்கு வழிகள்



ஓவியத்தை நாம் எதிரே நின்று காண்கிறோம். சிற்பத்தையோ சுற்றிவந்து காணலாம், தொட்டும் உணரலாம். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளும் அமைய ஓர் உருவத்தைப் படைப்பதே சிற்பக் கலையாகும். நாற்புறமும் நிறைவாக அமைந்த உருவத்தை முழுவடிவச் சிற்பம் என்பர். பாறையோடும் பலகையோடும் ஒட்டியபடி முன்புறம் மட்டும் எழுந்து தோன்றுவதைப் புடைப்புச் சிற்பம் என்பர். நம் கையிலுள்ள நாணயத்தில் காணப்படும் உருவமும் ஒரு சிறிய புடைப்புச் சிற்பமே.

சிற்பம் என்றதும் அது பெருங்கலைஞர்களுக்கே உரியது, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. உலகிலுள்ள சிற்பங்கள் எத்தனை வகையாயினும் அவற்றைச் செய்யும் வழிகள் அடிப்படையில் நான்கேயாகும். வேண்டாததைச் செதுக்கி நீக்குதல் ஒன்று. குழைத்துச் சேர்த்து வனைதல் இரண்டு. உருக்கி வார்த்தல் மூன்று. துண்டுகளை இணைத்துக் கட்டுதல் நான்கு. இந்நான்கும் தோட்ட மக்களின் கைகள் நெடுங்காலமாகப் பழகிய தொழில்களே என்பதைப் பின்வரும் விளக்கங்களால் அறியலாம்.

பொருள்கள்

சிற்பத்திற்கு உரிய பொருள்கள் பத்து என்று பழந்தமிழ் நிகண்டாகிய திவாகரம் கூறுகிறது. மண், மரம், கல், செங்கல், சுதை, மெழுகு, உலோகம், தந்தம், வண்ணம், கண்டசருக்கரை என்பன அவை. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. இவற்றுள் தந்தத்தை இன்று பயன்படுத்தல் ஆகாது. யானை இனத்தைக் காக்கும் பொருட்டு, தந்தத்தின் அனைத்துலக வாணிகத்தைத் தடைசெய்ய 1989ஆம் ஆண்டில் உலக நாடுகள் முடிவுசெய்தன. இக்காலத்தில் சிமெண்டு, பிளாஸ்டர், கண்ணாடி இழை, ரப்பர் முதலிய புதிய பொருள்கள் சேர்ந்துள்ளன.

பொருளின் இயல்பே செய்முறையைத் தீர்மானிக்கிறது. களிமண்ணில் மூக்கு சிறிதாகிவிட்டால் இன்னும் கொஞ்சம் மண்ணை ஒட்டலாம். கல்லில் மூக்கு உடைந்துவிட்டால் ஒட்ட இயலாது. ஆகவே, கையில் எடுத்த பொருள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அறிவதே முதற்பாடமாகும்.

1. செதுக்குதல்

கல்லிலும் மரத்திலும் உருவம் செய்வோர், வேண்டாத பகுதியை நீக்கி, வேண்டிய பகுதியை மட்டும் நிறுத்துகின்றனர். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் சிற்பிகள் மிகுந்த கவனம் செலுத்துவர். சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல்லில் உள்வெடிப்பு இராது என்று கொள்வர். மங்கிய ஒலி எழுந்தால் அதனை ஒதுக்கிவிடுவர். கல்லின் கடினமும் வேறுபடும். பத்துப் படிகள் கொண்ட கனிமக் கடின அளவையில், மாக்கல்லில் மிகுதியாக உள்ள கனிமத்திற்கு 1, சலவைக்கல்லின் கனிமத்திற்கு 3, கருங்கல்லின் கனிமங்களுக்கு 6 முதல் 7 வரை. ஆகவேதான் கருங்கல் வேலை மிகக் கடினமானது. ஆயினும் மழைக்கும் வெயிலுக்கும் நூற்றாண்டுகள் ஈடுகொடுக்கிறது.

தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் பெரும்பாறைகளைக் குடைந்து ஒற்றைக்கல் இரதங்களை அமைத்தனர். அங்கே முற்றுப்பெறாத வேலைகள் சில இன்றும் உள்ளன. அவை நமக்கு நல்ல பாடநூல்களாகும். முதலில் பாறையின் மேல் கட்டம் கட்டமாக ஆழக் கோடுகளை வெட்டினர். பின்னர் ஒவ்வொரு கட்டத்தின் நடுப்பகுதியையும் உடைத்தெடுத்தனர். மேற்பகுதியை முதலில் முடித்துக்கொண்டே கீழே இறங்கினர். சாரம் கட்டாமல் பாறைமீதே நின்று வேலை செய்வதற்கும், மேலிருந்து விழும் கல் முடிந்த வேலையைச் சிதைக்காமல் இருப்பதற்கும் இவ்வழி துணைசெய்தது. முதலில் பருமையாக வெட்டி, பின்னர் நுண்மைக்குச் செல்வது செதுக்குதலின் மாறா விதி. கண்ணும் நகையும் கடைசி வேலைகளே.

நம் நாட்டில் செதுக்குதலைக் காண விரும்புவோர் சிலாங்கூரிலுள்ள கேரித் தீவை நினைக்கலாம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அத்தீவில் வாழும் மா மெரி பூர்வகுடி மக்கள் சதுப்புநிலக் காட்டு மரத்தில் முகமூடிகளையும் தங்கள் முன்னோர் கதைகளில் வரும் உருவங்களையும் செதுக்குகின்றனர். மரத்திற்கு நார் ஓடும் திசை உண்டு. அத்திசையோடு உளி சென்றால் வழுக்கிச் செல்லும். எதிர்த்துச் சென்றால் மரம் பிளக்கும்.

இனித் தோட்டத்திற்கு வருவோம். பால்மரம் வெட்டுவோர் கையிலுள்ள கருவிக்கும் உளி என்றே பெயர். மரப்பட்டையில் பால்குழாய்கள் மிகுதியாக அமைந்திருப்பது உட்புறத்து உயிர்ப்படைக்கு மிக அருகிலாகும். உளி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் உயிர்ப்படை காயமுற்று, புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. விடியற்காலை மங்கிய ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அவ்வளவு நுட்பமாக உளியை ஓட்டிய கைகள் சிற்பியின் கைகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

2. வனைதல்

களிமண், மெழுகு, சுதை ஆகியவற்றில் உருவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வளர்க்கிறோம். இதுவே வனைதல். களிமண்ணில் கல்லும் வேரும் இல்லாமல் பொறுக்கி, உள்ளே காற்று அடையாதபடி நன்றாகப் பிசைய வேண்டும். இரு துண்டுகளை இணைக்கும்போது, ஒட்டும் பரப்புகளைக் குச்சியால் கீறி, கூழ்போல் கரைத்த மண்ணைப் பூசி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காயும்பொழுது கழன்றுவிடும். உருவம் பருமனாக இருந்தால் உட்புறத்தைக் குடைந்து, காற்றும் ஆவியும் வெளியேறச் சிறு துளையிட வேண்டும். ஈரம் உள்ளே தங்கிய மண்ணைச் சூளையில் வைத்தால் நீர் ஆவியாகி வெடிக்கும். வெயிலில் விரைந்து உலர்த்தினால் விரிசல் காணும். ஆகவே நிழலில் மெல்ல உலர்த்துக.

பேராக் மாநிலத்தில் கோலகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங் பகுதியில் சுரைக்காய் வடிவில் நீர்க்குடுவைகள் செய்யப்படுகின்றன. அவற்றை 'லாபு சாயோங்' என்பர். சுட்ட குடுவையைச் சூட்டோடு நெல் உமியில் புதைக்கும்போது எழும் புகையே அதற்குக் கருநிறத்தைத் தருகிறது. அக்குடுவையில் நீர் குளிர்ந்திருப்பது ஏன்? சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே சிறிதளவு நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. கைவினைக்குள் அறிவியலும் அடங்கியிருப்பதற்கு இஃதொரு சான்று.

3. வார்த்தல்

அச்சு ஒன்று செய்து, அதில் உருக்கிய பொருளையோ கரைத்த பொருளையோ ஊற்றி இறுகச் செய்வது வார்த்தல். இவ்வழியில் உலகம் வியக்கும் முறை மெழுகு வார்ப்பு முறையாகும். சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனமங்கை என்னும் சிறு வெண்கலச் சிலை இம்முறையில் செய்யப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 10.5 செ.மீ.; அதன் வயதோ நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். சோழர் காலத்து ஆடல்வல்லான் திருவுருவங்களும் இம்முறையில் வார்க்கப்பட்டவையே. தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் இத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. அதன் படிகள் வருமாறு:

அ) தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து, சிலையின் உருவத்தை மெழுகிலேயே முழுமையாகச் செய்வர்.

ஆ) அதன்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணைப் பூசுவர். மெழுகின் நுண்ணிய கோடுகள் எல்லாம் இம்மண்ணில் பதியும். அது உலர்ந்தபின் மேலும் மண் பூசி, கனமாக்கி, இரும்புக் கம்பியால் கட்டுவர்.

இ) மண் அச்சைச் சூடாக்குவர். மெழுகு உருகித் துளை வழியே வெளியேறும். உள்ளே சிலையின் வடிவில் வெற்றிடம் எஞ்சும்.

ஈ) அச்சைத் தரையில் புதைத்து நிறுத்தி, உருக்கிய உலோகத்தை ஒரே சீராக ஊற்றுவர்.

உ) ஆறியபின் மண்ணை உடைத்துச் சிலையை எடுத்து, உளியாலும் அரத்தாலும் செப்பனிடுவர்.

அச்சு உடைக்கப்படுவதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். எத்தனை உலோகம் வேண்டும் என்பதை எவ்வாறு அறிவர்? மெழுகை முன்னரே நிறுத்துக்கொள்வர். ஒரே பருமனுள்ள மெழுகைவிட வெண்கலம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது. பெருக்கல் வாய்பாடு சிற்பிக்கும் வேண்டியதே!

கோலாலம்பூரில் 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தின் ஏழு வீரர் உருவங்களும் வெண்கல வார்ப்புகளே. நம் நாட்டு ஈயமும் இக்கலைக்கு உதவியது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். செம்புக்கோ 1,085 பாகை வேண்டும். எளிதில் உருகும் வெள்ளீயத்தோடு சிறிது செம்பும் அஞ்சனமும் கலந்து வார்க்கப்படும் 'பியூட்டர்' கிண்ணங்கள் 1885ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு சிறு பட்டறையின் வழியே கோலாலம்பூருக்குப் புகழ் சேர்த்தன.

தோட்டத்திலும் வார்த்தல் உண்டு. மரப்பாலைத் தட்டில் ஊற்றி, பார்மிக் அமிலம் கலந்து உறையச் செய்யும்போது, பால் தட்டின் வடிவத்தைப் பெறுகிறது. அதே மரப்பாலைச் சிற்பிகள் அச்சு செய்யவும் பயன்படுத்துகின்றனர். மூல உருவத்தின்மேல் பாலைப் பல தடவை பூசி உலர விட்டால், வளைந்துகொடுக்கும் மெல்லிய உறை கிடைக்கும். உருவம் சிதையாமல் அதனை உரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் வார்க்கலாம்.

4. இணைத்துக் கட்டுதல்

பெரிய உருவங்களை ஒரே கல்லிலோ ஒரே வார்ப்பிலோ செய்வது அரிது. கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை, செதுக்கிய கருங்கற்களை அடுக்கி இணைத்து எழுப்பியதாகும். அதன் மொத்த உயரம் 133 அடி. பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் 95 அடிச் சிலை பொருட்பால், இன்பத்துப்பால் ஆகியவற்றின் 95 அதிகாரங்களையும் குறிக்கின்றன. சிற்பி வை. கணபதி ஸ்தபதி அதனை வடிவமைத்தார்.

நம் பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறப்பு விழாக் கண்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையோ இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் கான்கிரீட்டும் சிமெண்டும் கொண்டு உருவாக்கியதாகும். சிறிய களிமண் பொம்மை நிமிர்ந்து நிற்கவும் உள்ளே ஒரு கம்பி வேண்டும். அளவு மாறினாலும் அறிவு ஒன்றே.

கூடை முடைதலும் பாய் பின்னுதலும் இவ்வகையைச் சார்ந்தவை. செம்பனை ஓலையின் ஈர்க்கு ஒன்றை எளிதில் வளைக்கலாம். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பின்னர் அது பழக்கூடையாகிப் பளுவைத் தாங்குகிறது.

அளவே அழகு

வழி எதுவாயினும் அளவு தவறினால் உருவம் தவறும். நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாளம் என்னும் அலகாகக் கொண்டனர். ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். இவ்வங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று. உருவத்தின் அளவுக்கேற்ப மாறும் பங்காகும். தலைமையான தெய்வ உருவங்களுக்கு 124 அங்குலம் வகுத்தனர். சுவாமிமலைச் சிற்பிகள் தென்னையோலைத் துண்டை மடித்து மடித்தே இப்பங்குகளைக் குறித்துக்கொள்வர். மாணவர்களே, உங்கள் உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்துப் பாருங்கள். நடுவிரலின் நுனி நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஏறத்தாழத் தொடும். இயற்கையே நமக்கு ஓர் அளவுகோலைத் தந்துள்ளது.

வீட்டில் செய்து பார்க்க

செதுக்குதலைப் பழகச் சவர்க்காரக் கட்டி போதும். முன்புறத் தோற்றத்தையும் பக்கத் தோற்றத்தையும் அதன்மேல் வரைந்து, மூலைகளை முதலில் நீக்குக. கத்தி உடலுக்கு எதிர்ப்புறமாகச் செல்லட்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சிறு களிமண் அச்சில் பிளாஸ்டர் வார்க்க விரும்பினால், நீரில் தூளைத் தூவுக. தூளில் நீரை ஊற்றாதீர். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். ஆதலால் கையையோ விரலையோ அதில் புதைத்து அச்செடுக்க ஒருபோதும் முயலாதீர். கடுமையான தீப்புண் உண்டாகும். மிஞ்சியதைக் கால்வாயில் ஊற்றாதீர், அங்கேயே கல்லாகிவிடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளை மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தால், புத்தகத்தை எடு என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் உளர். அவர்தம் அக்கறை புரிகிறது. ஆயினும், மேற்கூறியவற்றை மீண்டும் நோக்குங்கள். கடினம், வெப்பம், எடை, அளவு, பெருக்கல் எனப் பாடநூலில் உள்ளவை எல்லாம் கைவினையில் இருக்கின்றன. கையால் அறிந்ததை மாணவன் எளிதில் மறப்பதில்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். ரப்பர் நிறைந்திருந்த பல தோட்டங்கள் இன்று செம்பனையாகிவிட்டன. பல குடும்பங்கள் பட்டணம் சென்றுவிட்டன. உளி பிடித்த தாத்தாவின் கையும், கூடை முடைந்த பாட்டியின் கையும் ஓய்ந்துவருகின்றன. அக்கைகள் அறிந்தவை எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. பேரப்பிள்ளை அருகில் அமர்ந்து கற்றால் அவை வாழும். இல்லையேல் அவர்களோடு மறையும். ஆகவே வரும் விடுமுறையில் நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்த ஒரு கைத்தொழிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மாணவர்களே, நீங்களும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். செய்த பொருள் கோணலாக இருப்பினும் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கென நம் பள்ளியில் ஓர் இடம் காத்திருக்கும்.

தலைமையாசிரியர்