போலீஸ் மஸ்கட் .410

வெளித்தோற்றத்தில் இது பெரியவர்கள் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்லும் அதே ராணுவத் துப்பாக்கி. குழலுக்குள் பாருங்கள்: வரிப்பள்ளம் கிடையாது, வழவழவென்று இருக்கும். வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் .303 லீ என்ஃபீல்டை .410 விட்டத்துக்கு மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். தோட்டாக்கூடு இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்தார்கள்; ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டாவைக் கையால்தான் போட வேண்டும். பறிபோனாலும் ராணுவத்துக்கு ஈடாகக் கூடாது என்ற ஆங்கிலேய அரசின் அச்சம் அந்தக் கட்டையில் தெரிகிறது. கூட்டத்தை நோக்கி நீட்டப்பட்ட கருவி இது; அதை மறந்துவிட்டு இதைப் பார்க்கக் கூடாது.

பிறகு காவலர்கள் கைக்கு எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் துப்பாக்கிகள் வந்தன. திருச்சியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இன்று காவல்துறைக்கும் துப்பாக்கி செய்கிறது.