குளிருக்கு ஒதுங்கும் கூட்டம்: திரள் ஈயின் வாழ்க்கை

ஈ என்றவுடன் குப்பைமேடும், மூடாது வைத்த உணவும், அவற்றால் வரும் வயிற்றுநோயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஈ என்னும் பெயர் பூண்ட யாவும் ஒரே குணமுடையன அல்ல. குளிருக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்னும் ஒன்றுக்காகவே மனிதர் இல்லத்துள் நுழையும் ஈயினம் ஒன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உண்டு. நூற்றுக்கணக்காகவும், சில வேளைகளில் ஆயிரக்கணக்காகவும் ஒரே இடத்தில் திரண்டு கிடப்பதால் அதனைத் ‘திரள் ஈ’ என்பர். இங்கிலாந்திலோ கனடாவிலோ வாழும் நம் உறவினர் சிலர், பனிக்காலத்தில் யன்னற் கண்ணாடியில் மந்தமாய் ஊர்ந்து திரியும் இவ்வீக்களைக் கண்டு திகைத்திருத்தல் கூடும். எங்கிருந்து வந்தன? எதனை உண்டு வளர்ந்தன? இவற்றால் தீங்கு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தோற்றம்

திரள் ஈ வீட்டு ஈயிலும் சற்றுப் பெரியது. கருஞ்சாம்பல் நிறமுடையது. அதன் மார்பின்மேல் சுருண்ட பொன்னிற மயிர்கள் படர்ந்திருக்கும். இவை எளிதில் உதிர்ந்துவிடுவதால், வயது சென்ற ஈக்களில் குறைவாகவே காணப்படும். ஓய்ந்திருக்கும்போது கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒரு சிறகின்மேல் மற்றொரு சிறகை மடித்து வைத்துக்கொள்வது இதன் வழக்கம். வீட்டு ஈயின் சுறுசுறுப்பு இதனிடம் இல்லை. கையை ஓங்கினாலும் விரைந்து பறந்தோடாது.

1794ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் பபிரிசியஸ் இதனை முதன்முதல் விவரித்து, ‘றூடிஸ்’ என்று பெயரிட்டார். இன்று பொலேனியா என்னும் சாதியில் இது அடங்கும். நெடுங்காலம் ஒரே இனமென எண்ணப்பட்டது உண்மையில் ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் தொகுதி என்பதை 1987இல் நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் றொக்னெஸ் விளக்கினார். வட அமெரிக்காவில் இச்சாதியைச் சேர்ந்த ஆறு இனங்கள் உள்ளன. அவை யாவும் ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறியவையே.

மண்ணுக்குள் ஓர் இரகசியம்

வீட்டு ஈயின் புழு சாணத்திலும் அழுகற் பொருள்களிலும் வளர்வதை நாம் அறிவோம். திரள் ஈயின் புழுவோ உயிருள்ள மண்புழுவை உண்டு வளர்கின்றது! பிரான்சு நாட்டில் பயின்றுகொண்டிருந்த டேவிட் கெயிலின் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1909இல் இவ்வுண்மையை வெளியிட்டார். ஒட்டுண்ணிப் புழுக்கள் எவ்வாறு மூச்சு விடுகின்றன என்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் பிற்காலத்திலும் குன்றவில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவ்வழியே ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவர், உயிரணுக்களின் சுவாசத்துக்கு இன்றியமையாத ‘சைற்றோகுறோம்’ என்னும் நிறப்பொருளை 1925இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அற்பமான ஈப்புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி, உயிர்களெல்லாம் மூச்சு விடும் விதத்தையே விளக்க வழிகோலியது.

இளவேனிலில் பெண் ஈ மண் வெடிப்புகளில் முட்டையிடும். ஏறக்குறைய மூன்று நாள்களில் முட்டை பொரித்துக் குடம்பி வெளிவரும். கண்ணும் காலுமற்ற அச்சிறு குடம்பி மண்ணுக்குள் ஊர்ந்து சென்று, தனக்கேற்ற மண்புழுவைத் தேடி, அதன் உடலுள் புகுகின்றது. அங்கே உணவுக்குக் குறைவில்லை. ஆனால் காற்றுக்கு வழியென்ன? குடம்பியின் மூச்சுத் துளைகள் அதன் பின்புறத்தில் அமைந்துள்ளன. ஆகவே மண்புழுவின் தோலைத் துளைத்துத் தன் பின்புறத்தை வெளியே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டே, தலையை உள்ளே செலுத்தி உண்ணுகின்றது. மண்புழு ஈற்றில் மடிகின்றது.

இவ்வாறு இரண்டு, மூன்று வாரம் உண்டு கொழுத்த குடம்பி, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகின்றது. மேலும் இரு வாரமளவில் கூட்டை உடைத்து நிறையுடலியாய் வெளிவருகின்றது. கோடை நல்ல வெப்பமுடையதாயின் முட்டை முதல் ஈ வரையான பருவங்கள் யாவும் நான்கு முதல் ஆறு வாரங்களுள் முடிந்துவிடும். ஆண்டொன்றில் பல தலைமுறைகள் தோன்றுவதும் உண்டு. வளர்ந்த ஈயின் உணவு பூக்களின் தேன். மலருக்கு மலர் தாவும்போது மகரந்தத்தையும் அது சுமந்து செல்கின்றது.

மண்புழு இல்லையேல் இவ்வீ இல்லை. பனியூழியில் பனிப்பாளங்களால் மூடப்பட்டிருந்த வட அமெரிக்க நிலங்களில் இன்று வாழும் மண்புழுக்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இரையும் புலம்பெயர்ந்தது; இரைகொல்லியும் புலம்பெயர்ந்தது.

வீடு தேடி வருதல்

கோடை கழிந்து, பகற்பொழுது குறுகி, இரவுகள் குளிரத் தொடங்கியதும் இறுதித் தலைமுறை ஈக்களின் போக்கு மாறுகின்றது. பிற்பகல் வெயில் படும் சுவர்களில் அவை வந்து அமர்ந்து குளிர்காய்கின்றன. வெயில் தாழ்ந்ததும் கூரையிடுக்கு, யன்னற்சட்டத்தின் வெடிப்பு முதலியவற்றினூடே நுழைந்து, கூரைக்கும் முகட்டுக்கும் இடையிலுள்ள இருளில் நெருங்கிக் கிடந்து செயலற்று உறங்குகின்றன. கோடையில் சேர்த்த கொழுப்பே இவ்வுறக்கத்துக்கு வேண்டிய கட்டுச்சோறு.

வெளியே பனி உறைந்திருக்கும் நாளில் வீட்டுக்காரர் கணப்பு மூட்டுகின்றனர். அல்லது ஒருநாள் வெயில் நன்றாக எறிக்கின்றது. அவ்வெப்பத்தை இளவேனில் என மயங்கிய சில ஈக்கள் விழித்தெழுந்து, ஒளியை நாடி யன்னலுக்கு வருகின்றன. அங்கே பூவுமில்லை, தேனுமில்லை. சேமித்த கொழுப்பும் தீர்ந்து, மல்லாந்து விழுந்து சுழன்று மடிகின்றன. விழியாது உறங்கியவையே இளவேனிலில் வெளியேறி வயலை அடைகின்றன.

ஆண்டுதோறும் ஒரே வீட்டுக்கு ஈக்கள் வருவதைக் கண்டு, பழைய ஈக்களே திரும்பி வந்தன என்று எண்ணலாகாது. வருபவை புதிய தலைமுறையினர். ஆனால் வெயில் காயும் சுவரும், அதிலுள்ள இடுக்குகளும் பழையனவே!

செய்யத்தக்கதும் தகாததும்

திரள் ஈக்கள் வீட்டினுள் முட்டையிடுவதில்லை, கடிப்பதுமில்லை, வீட்டு ஈயைப் போல அழுக்கிலிருந்து உணவுக்கு நோய்க்கிருமிகளைக் காவித் திரிவதுமில்லை. எனவே இவற்றைக் கண்டு, வீடு அசுத்தமாயிற்றோ என்று இல்லத்தரசியர் நாணவேண்டியதில்லை. தொல்லை என்பது உண்மை. ஆபத்து என்பது வீண் அச்சம்.

ஈக்கள் சுவருக்குள் புகுந்தபின் நஞ்சு தெளித்தல் நன்றன்று. மடிந்த ஈக்களின் உடல்கள் உள்ளேயே குவிந்து கிடக்கும். அவற்றை உண்ண வரும் கம்பள வண்டின் குடம்பிகள் பின்னர் கம்பளி உடைகளையும் விரிப்புகளையும் அரித்துவிடும். மண்புழுக்களை அழிப்பதோ மண்ணின் வளத்தையே அழிப்பதாகும். அயல் நிலங்களிலிருந்து ஈக்கள் பறந்து வருவதையும் அது தடுக்காது. கோடை முடியுமுன் இடுக்குகளை அடைத்துவிடுதலே சிறந்த பரிகாரம். உள்ளே வந்தவற்றைத் தூசு உறிஞ்சும் கருவியால் அகற்றிவிடலாம்.

ஒரு பூச்சியை எப்போது, எங்கே தடுக்கவேண்டும் என்பதை அதன் வாழ்க்கை வட்டமே நமக்குக் கூறிவிடுகின்றது. அதனை அறியாதவர் பனிக்காலம் முழுவதும் ஈயோடு போராடுவர். அறிந்தவரோ கோடையில் ஒரு பிற்பகலைச் செலவிட்டு, சுவரின் வெடிப்புகளைப் பூசி முடித்துவிடுவர்.