அவசர சிகிச்சைப் பயிற்சிக்கு முன் ஒரு மாதம் கண் மருத்துவம்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிப் படிப்பு நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டில் மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் துறைகளில் சில வாரங்கள் வேலை பார்க்கலாம். இதை எலெக்டிவ் என்கிறார்கள். ரெசிடென்சி என்னும் சிறப்புப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனையில் இடம் என்பது மார்ச் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை தெரியவரும். பயிற்சி தொடங்குவதோ கோடையில்தான். இடைப்பட்ட வாரங்களில், அவசர மருத்துவத்தில் இடம் கிடைத்தவர்களின் மனம் மறுபடி அவசரப் பிரிவையோ ஐ.சி.யூ.வையோ நாடுவது இயல்பு. ஆனால் கண் மருத்துவப் பிரிவுக்குப் போவதே அவர்களுக்குக் கூடுதல் பலன் தரும் என்பேன்.

அவசர மருத்துவ ரெசிடென்சி மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதைப் பயிற்சி முடிவதற்குள் குறைந்தது 35 முறை செய்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஐ.சி.யூ. பணியும் கட்டாயம். ஆக, இவையெல்லாம் எப்படியும் கைவந்துவிடும். கண் விஷயம் அப்படியல்ல. இரவில் ஒருவர் கடுமையான தலைவலி, வாந்தியோடு வருகிறார் என்று வையுங்கள். மூளையில்தான் கோளாறு என்று சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிவிடத் தோன்றும். சிவந்த கண், மங்கிய கருவிழி, பாதி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாத கண்மணி ஆகியவற்றைக் கவனித்தவருக்கோ, கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டுவிட்டது என்ற சந்தேகம் வரும். இயல்பாக 10 முதல் 21 வரை இருக்கும் கண் அழுத்தம் இந்நிலையில் 40-ஐத் தாண்டக்கூடும். அழுத்தத்தைச் சீக்கிரம் குறைக்காவிட்டால் பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பு மீளாது.

இதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் புத்தகத்தில் வராது. ஸ்லிட் லேம்ப் கருவியில் நோயாளி முகவாயை வைத்ததும், மெல்லிய ஒளிக்கீற்றைக் கருவிழியின் மேல் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். கருவிழிக்கும் அதன் பின்னுள்ள வண்ணத் திரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அங்குள்ள நீரில் அழற்சியின் அணுக்கள் மிதக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நல்ல கண்களை நிறையப் பார்த்தவருக்கே கெட்ட கண் பளிச்சென்று தெரியும். அவசரப் பிரிவுக்கு வருவது பெரும்பாலும் நோயுற்ற கண். நல்ல கண்ணைத் தினமும் பார்க்க வாய்ப்பிருப்பது கண் புறநோயாளிப் பிரிவில்தான்.

ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க அவசரப் பிரிவிலிருந்தே பரிந்துரைக் கடிதம் வேண்டுமே என்று கேட்கலாம். நியாயம்தான். அந்த எலெக்டிவை ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்தாக வேண்டும்; நான் பேசுவது அதற்குப் பின் எஞ்சும் மாதங்களைப் பற்றி. மூச்சு அடைத்தால் உயிர் போகும், கண் போனால் உயிர் போகாதே, எனவே மயக்க மருத்துவத்தில் பழகுவது மேல் அல்லவா என்பது இன்னும் வலுவான கேள்வி. முகமூடி வைத்து மூச்சுக் கொடுக்கவே பழகாதவர் முதலில் அங்கே போவதுதான் சரி. மற்றவர்கள், நோய் எவ்வளவு கொடியது என்பதோடு, அதைப் பிறகு யார் கற்றுத்தரப்போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டியூப் போடும்போது மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்பார். கண்ணைப் பரிசோதிக்கும்போது அப்படி ஒருவர் கிடைப்பது நிச்சயமில்லை. சிறிய மருத்துவமனைகளில் இரவில் கண் மருத்துவர் இருப்பதும் அரிது.

பயிற்சிக்கு முன் ஓய்வு வேண்டும் என்பதும் உண்மை. அதற்கு விடுமுறை எடுத்துக்கொள்ளட்டும். எலெக்டிவ் என்று ஒரு மாதத்தை ஒதுக்கினால், இனி வரும் ஆண்டுகள் தாமாகத் தராத ஒன்றைக் கற்கவே அது செலவாக வேண்டும்.