படம் வரைந்தவர் பெயர் எங்கே?

கிளி சோதிடரிடம் நீங்களும் ஒரு முறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். கூண்டுக் கதவு திறந்ததும் கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கிலிருந்து ஓர் அட்டையை அலகால் இழுத்துப் போடும். முருகன் வந்தாரா, மகாலட்சுமி வந்தாரா என்றுதான் நம் கண் போகும். அந்தப் படத்தை வரைந்த கை எவருடையது என்று நாம் கேட்டதுண்டா?

மேல்நாட்டிலும் இதே கதைதான் வாசகர்களே! அங்கே ‘டாரட்’ என்று ஒரு சீட்டுக்கட்டு உண்டு. மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சில்தான் அதைக் கொண்டு குறி சொல்வது பரவியது. குறி பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றி.

இன்று உலகில் மிகுதியாக விற்கும் டாரட் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. அதற்கு ‘ரைடர்–வெயிட்’ என்று பெயர். ரைடர் என்பது வெளியிட்ட நிறுவனம். வெயிட் என்பவர் எந்தச் சீட்டில் என்ன கருத்து வரவேண்டும் என்று யோசனை சொன்ன எழுத்தாளர். சரி, படம் வரைந்தவர்? அவர் பெயரைத்தான் காணோம்!

அவர் பமீலா கோல்மன் ஸ்மித் அம்மையார். 1878இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமாய்க்காத் தீவில் வளர்ந்தவர். அங்கே கேட்ட அனன்சி என்ற சிலந்தியின் கதைகளைப் பின்னாளில் படங்களோடு புத்தகமாகவே போட்டார். நாடகக் கொட்டகைகளோடு பழகியவர் என்பதால், அவர் வரைந்த மனிதர்கள் மேடையில் நிற்பதுபோலவே நிற்பார்கள்.

அதற்கு முன் வந்த கட்டுகளில் பெரும்பாலானவற்றில், ஐந்து காசு என்றால் ஐந்து வட்டம், பத்துக் கோல் என்றால் பத்துக் கோடு, அவ்வளவே. அம்மையாரோ ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கதையை வைத்தார். ஐந்து காசுச் சீட்டைப் பாருங்கள்: கொட்டும் பனியில் இரண்டு ஏழைகள், ஒருவர் கையில் ஊன்றுகோல். தலைக்கு மேலே விளக்கொளி வீசும் கண்ணாடி சன்னல். உள்ளே வெளிச்சம், வெளியே குளிர்! பத்துக் கோலில் ஒரு மனிதன் சுமையோடு சுமையாக வளைந்து நடக்கிறான். அவன் முகமே தெரியாது. எட்டுக் காசில் ஒரு தொழிலாளி பலகையில் குந்தி ஒவ்வொரு காசாகச் செதுக்குகிறான். சுமை தூக்கிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் படங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை படங்களையும் முடித்த அம்மையார் 1909 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை முடித்ததாகவும், கைக்கு வந்த பணம் மிகச் சொற்பம் என்றும் அதில் சொல்லியிருந்தார். கடைசிக் காலத்தில் கார்ன்வாலில் கடனோடு வாழ்ந்து 1951இல் கண்ணை மூடினார். அவர் வரைந்த கட்டு அதன் பிறகுதான் லட்சக்கணக்கில் விற்றது.

கையால் வரைந்த மூலப் படங்கள் ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. ஆகவே கடையில் எந்தக் கட்டை எடுத்தாலும் அது பழைய அச்சைப் பார்த்து எடுத்த நகல்தான். நகலில் நல்ல நகல் எது? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனில் அம்மையார் இறந்து 70 ஆண்டுகள் முடிந்ததும், அதாவது 2021 முடிவோடு, பதிப்புரிமை காலாவதி ஆகிவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடித்துத் தள்ளுகிறார்கள்!

1968இல் அமெரிக்காவில் வந்த ‘அல்பானோ–வெயிட்’ கட்டில் நிறங்கள் தீபாவளி மத்தாப்புதான். 1971இல் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் மஞ்சள் பெட்டியில் போட்ட கட்டுதான் பலருக்கும் பழக்கம். உழைக்கும், விலையும் அதிகமில்லை. நிறம்தான் சற்று முரடு. 1990இல் வந்த ‘யுனிவர்சல் வெயிட்’ கட்டில் மேரி ஹான்சன்–ராபர்ட்ஸ் என்ற ஓவியர் புதிதாக நிறம் தீட்டியிருக்கிறார். கன்னங்களில் நிழல், வானத்தில் மென்மை என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அழகில் பாதி வேறொருவருடைய அழகு. ஸ்மித் அம்மையார் நிழலையும் மேட்டையும் கோட்டாலேயே காட்டியவர். மேலே பூச்சு ஏறினால் அந்தக் கோடு பின்னால் போய்விடுகிறது.

எனக்குப் பிடித்தது 2009இல் நூற்றாண்டையொட்டி வந்த ‘ஸ்மித்–வெயிட்’ பதிப்பு. பழைய அச்சின் மங்கிய நிறத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். முதலில் பார்ப்பவருக்கு, வெயிலில் காய்ந்த துணிபோல வெளிறித் தெரியும். இரண்டு நாள் பார்த்தால் அதுவே பழகிவிடும். பெட்டியின் மேல் ஸ்மித் என்ற பெயர் முன்னால் இருக்கிறது பாருங்கள், அதற்காகவே கூட நான் வாங்குவேன்! நூறு ஆண்டு ஆயிற்று அந்தப் பெயர் முன்னுக்கு வர.

வெளியூரில் படிக்கும் மகளோ மகனோ இப்படி ஒரு கட்டு வாங்கப் போனால், கடைக்காரரிடம் ஐந்து காசுச் சீட்டை மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழைகளின் கிழிந்த ஆடையில் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிய வேண்டும். மை அப்பிக் கறுப்புத் திட்டாக இருந்தால் வைத்துவிடலாம். பிறகு சீட்டின் கீழ் மூலையைப் பார்க்கட்டும். பாம்புபோல் பின்னிய மூன்று எழுத்துகள், பி, சி, எஸ். பெட்டியில் இடம் கிடைக்காத காலத்திலும் அம்மையார் தம் பெயரைத் தாமே எழுதி வைத்த இடம் அது. அவசர அச்சுகள் சிலவற்றில் ஓரத்தை வெட்டும்போது அதுவும் போய்விடக்கூடும். அப்படிப்பட்ட கட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.